காப்பி கேட்கவும் பாட்டு

பஞ்சாலை முதலாளி சொக்கலிங்கம் தன் பங்களாவிலேயே, வீட்டாரையே நடிக்கவைத்துப் படம் எடுத்தார். காப்பி கேட்கவும் பாட்டு, கதவைத் திறக்கவும் பாட்டு. ஊரே சிரித்தது. மறுவருஷம் அவர் மகள் வள்ளிநாயகி பிறந்தாள். அவளுக்கு ஒரு வயதாகுமுன் அம்மா இறந்துபோனாள். அந்தப் படத்தைப் பார்த்தே மகள் வளர்ந்தாள். அம்மாவின் உதடுகள்தான் அசைந்தன; குரல் பின்னணிப் பாடகியுடையது.

நாற்பது வயதில் அந்தப் பாடகியைத் தேடிப் போனாள்.

"எந்தப் பாட்டும்மா பாடணும்?" கிழவி தொண்டையைச் செருமினாள்.

"பாட்டு வேண்டாம்மா. சாப்பிட வான்னு என்னை ஒரு தடவை கூப்பிடுங்க."

கிழவி அவளையே பார்த்தாள். "உங்கம்மா உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

வள்ளிநாயகி கண்ணை மூடி, தான் பிறக்குமுன் எடுத்த அந்தப் படம் முழுவதையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள்.