எதிரில் இருப்பவளின் கால்

தொடை எலும்பைப் பேராசிரியை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

இடதா, வலதா? அவ்வளவுதான் கேள்வி.

போன தடவையும் இதே கேள்விதான். எலும்பைப் பார்க்கும் முன்பே வாய் "லெஃப்ட்" என்றுவிட்டது. மருத்துவக் கல்லூரியில் முதல் உள்தேர்வு. முதலே கோணல்.

சீனியர் அக்கா விட்டுப்போன எலும்புப் பெட்டியில் பாதி உடம்புதான் உண்டு. அவளுக்கு வாய்த்தது இடப்பாதி. நான்கு மாதம் அதோடு குடித்தனம் நடத்தியவளுக்கு எந்த எலும்பும் இடதாகத்தான் தெரியும். பழக்க தோஷம்.

இன்றும் தவறினால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத விடமாட்டார்கள். வகுப்பே இரண்டாம் வருடம் போய்விடும். அவள் மட்டும் இங்கே நிற்பாள்.

ஜெனிட்டா இல்லாமல் நிற்பாள். பயமே அதற்குத்தான்.

அடுத்தடுத்த வரிசை எண் என்பதால் விடுதியில் ஒரே அறை கிடைத்தவள் ஜெனிட்டா. நாகர்கோவில்காரி. வகுப்பில் முதல். மதிப்பெண் ஒட்டிய அன்றே தன் வலப்பாதிப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் கட்டிலில் கவிழ்த்தாள்.

இரண்டு பாதியும் கலந்தன.

பிறகு மூன்று வாரம். குளித்துவிட்டு வந்தால் எலும்பு. துணி காயப்போட மாடிக்குப் போனால் எலும்பு. ஜெனிட்டா எதிரில் உட்கார்ந்து, எலும்பை இவள் தொடைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். உருண்டைத் தலை உள்பக்கம் பார்க்க வேண்டும். வரப்பு மாதிரி ஓடும் கோடு பின்பக்கம் போக வேண்டும். எந்தக் காலில் இரண்டும் பொருந்துகிறதோ, அந்தப் பக்கத்து எலும்பு. தப்பாகச் சொன்னால் முழங்காலில் ஒரு தட்டு. சரியாகச் சொன்னாலும் ஒரு தட்டு.

இப்போது எலும்பைத் தன் தொடையோடு சேர்த்து வைத்தாள்.

தலை உள்ளே பார்த்தது. கோடு பின்னால் போனது.

"ரைட், மேடம்."

பேராசிரியை தலையாட்டி எழுதிக்கொண்டார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் அழுகை முட்டியது. கதவோரம் நின்று துடைத்துக்கொண்டாள்.

திறந்த கதவு வழியே உள்ளே ஜெனிட்டா தெரிந்தாள். அவளுக்கும் அதே தொடை எலும்புதான்.

ஜெனிட்டா அதைத் தன் தொடையில் வைக்கவில்லை. எதிரே நீட்டினாள், அங்கே ஒருத்தி உட்கார்ந்திருக்கிற மாதிரி.

மூன்று வாரமாக ஜெனிட்டா பார்த்தது எதிரில் இருந்த கால்களைத்தான். எதிரில் இருப்பவளின் வலது, பார்க்கிறவளின் கைக்கு இடது.

"லெஃப்ட், மேடம்," என்றாள் வகுப்பின் முதல் மாணவி.

பேராசிரியை கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தார். பிறகு பேனா எதையோ சுழித்தது.

வெளியே வந்த ஜெனிட்டா முதலில் விசாரித்தது இவளுடைய பதிலைத்தான். ரைட் என்று சொன்னதைக் கேட்டதும் தோளில் ஓங்கிக் குத்தினாள்.

உனக்கு எப்படி என்று இவள் கேட்டாள்.

"எனக்கென்னட்டி, அல்வா சாப்பிட்ட மாதிரி."

மத்தியானம் மெஸ்ஸில் முட்டை போட்டார்கள். அவள் தன் முட்டையை எடுத்து ஜெனிட்டாவின் தட்டில் வைத்தாள்.

ஜெனிட்டா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏன் என்று கேட்காமல் தின்றாள்.