கூண்டில் நின்றவள்

முற்றத்தில் ஓடி வந்த முன்னி தடுக்கி விழுந்தாள். பக்கத்தில் நின்ற வஜீஹா பதறிப்போய் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

குழந்தை அந்தக் கைகளுக்கு அடியில் புகுந்து சமையலறைக்கு ஓடியது. "அம்மீ! அம்மீ!"

ஷாகிரா வந்து வாரி எடுத்தாள். அழுகை பட்டென்று நின்றது.

வஜீஹா நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டாள்.

முன்னி அவளுடைய ஆப்பாவின் குழந்தை. ஆப்பா என்றால் கூடப்பிறந்த அக்கா, ஜைதூன் பீ. காய்ச்சலில் அவள் கண்ணை மூடிய வருஷம் திரும்புவதற்குள், அவள் புருஷன் அப்துல் வஹீத் எங்கிருந்தோ இந்த ஷாகிராவை நிக்காஹ் செய்து மயிலாப்பூர் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"குழந்தையை என்கிட்டே கொடுத்துடுங்க மச்சான். எனக்கும் பிள்ளை இல்லே" என்று வஜீஹா கேட்டுப் பார்த்தாள்.

"ஷாகிராகிட்டேயே இருக்கட்டும். அவ நல்லாப் பார்த்துக்கறா."

அதைத்தான் வஜீஹாவால் தாங்க முடியவில்லை. மோசமாகப் பார்த்துக்கொண்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்! இவள் மிட்டாய் வாங்கிப் போனால் முன்னி பாதியைக் கடித்துவிட்டு மீதியை 'அம்மீக்கு' என்று மூடி வைத்துக்கொள்கிறாள்.

அப்போதுதான் நொச்சிக்குப்பத்து ஜானு, மீன் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே அந்தச் சேதியைச் சொன்னாள்.

"உங்க மச்சான் கட்டிக்கினாரே, அந்தம்மாவ எழும்பூர் கோர்ட்டாண்ட பாத்துக்கிறேன்மா. ரோட்ல மீன் வித்தேன்னு எனக்கு ஃபைன் போட்டாங்களே, அன்னிக்கு. கூண்டுல நின்னுகினு இருந்திச்சு."

"என்ன கேஸ்?"

"அது இன்னா கேஸோ! போலீசு இட்டுகினு வந்திச்சு."

மறுநாளே வஜீஹா புர்காவை மாட்டிக்கொண்டு, லஸ் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த வேம்புவின் முன்னால் போய் நின்றாள்.

"அடுத்தவங்க கேஸை நாம பார்க்க முடியுமாங்க?"

"தீர்ப்பு சொன்ன கேஸ்னா, ஸ்டாம்பு ஒட்டி மனு போட்டா நகல் தருவாங்கம்மா. பேரு, தகப்பனார் பேரு, வருஷம் தெரியணும்."

"ஷாகிரா. தகப்பன் பேரு காதர். வருஷம்தான் தெரியலே."

"தேடிப் பார்க்கறேன். எதுக்கும்மா இது?"

"ஒரு குழந்தை விஷயம்" என்றாள்.

பள்ளிவாசல் ஜமாத் பெரியவர்கள் முன்னால் அந்தக் காகிதத்தைப் போட்டால் போதும். கூண்டில் நின்றவளிடமா குழந்தையை விடுவது என்று அவர்களே வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். திருட்டோ, அதைவிடக் கேவலமோ, குற்றம் பெரிசாக இருக்கட்டும் என்று தொழுகையில் துஆகூடக் கேட்டாள்.

அடுத்த வாரம் வேம்பு சொல்லி அனுப்பினார்.

"கிடைச்சுதும்மா. நாப்பத்திரண்டாம் வருஷத்துக் கேஸ். ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே காலி பண்ணிட்டு ஓடிச்சே, அப்போ."

அப்படி ஓடியவர்களில் வஜீஹாவும் ஒருத்தி. புருஷனோடு வேலூருக்குப் போனவள், ஆப்பாவின் மய்யித்து முகம் பார்க்கத்தான் திரும்பி வந்தாள்.

"இங்கிலீஷ்ல இருக்கு. தமிழ்ல சொல்றேன்." வேம்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தற்கொலை முயற்சி. கிணத்துல குதிச்சிருக்காங்க."

"யா அல்லா, பைத்தியமா!" வஜீஹாவின் குரலில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. "இவகிட்டேயா குழந்தையை விட்டு வெச்சிருக்கோம்?"

"முழுசும் கேளுங்கம்மா. புருஷன் தள்ளி வெச்சுட்டான். கைக்குழந்தை அம்மை கண்டு செத்துப்போச்சு. அடக்கம் பண்ணின மறுநாள் குதிச்சிருக்காங்க."

வஜீஹா பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தண்ணி எடுக்க வந்த ஒரு அம்மா சத்தம் போட்டு, ஆள்களைச் சேர்த்து மேலே தூக்கியிருக்காங்க. அவங்கதான் முதல் சாட்சி. 'நன்னடத்தை ஜாமீன்ல விடறேன், பொறுப்பேத்துக்க யார் இருக்கா?'ன்னு மாஜிஸ்திரேட் கேட்டிருக்கார். சொந்தக்காரங்க ஒருத்தரும் வரலே. அந்த அம்மாவே கைநாட்டு வெச்சிருக்காங்க."

வேம்பு பக்கத்தைத் திருப்பினார்.

"'எனக்கு ஒரே தங்கச்சி. அவளும் ஊர்ல இல்லே. இனிமே இவளும் எனக்குத் தங்கச்சிதான்'னு சொல்லியிருக்காங்க. அதையும் தீர்ப்புல எழுதி வெச்சிருக்கார் மாஜிஸ்திரேட்."

"யாரு... யாரு அந்த அம்மா?"

"மயிலாப்பூர் அப்துல் வஹீத் சம்சாரம், ஜைதூன் பீ."

வேம்பு காகிதத்தை நீட்டினார். வஜீஹா அதைக் கையால் தொடவில்லை.

"இது உங்ககிட்டேயே இருக்கட்டும். கிழிச்சுப் போட்டாலும் சரி" என்று சொல்லிவிட்டு நேரே ஆப்பாவின் வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில் ஷாகிரா நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. இடுப்பிலிருந்த முன்னியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வக்கீல் ஆபீசுக்குப் போனதை ஜானு பார்த்தாளாம். என் கேஸைத் தேடிப் போனீங்களாமே? அதுல என்ன பார்த்தீங்க?"

வஜீஹா குழந்தையை வாங்கக் கை நீட்டவில்லை. குழந்தையோடு சேர்த்து அவளையும் அணைத்துக்கொண்டாள்.

"நம்ம ஆப்பாவைப் பார்த்தேன்."