ஒட்டிய உறை

வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். எங்கள் கல்லூரி வழக்கப்படி மூன்றையும் நானே எழுதினேன். முதல் கடிதத்தில் நான் அறிவாளி, இரண்டாவதில் கருணைக்கடல். மூன்றாவதை முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. இரண்டு பேர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். விலங்கியல் எபநேசர் சார் மட்டும் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

“சார், இன்னிக்குத்தான் கடைசி நாள். கூரியர் அஞ்சு மணிக்குப் போயிடும்.”

“இருடா. ஆளு யாருன்னு தெரிஞ்சுக்க வேணாமா?”

முழுவதும் படித்தார்.

“இவ்ளோ தைரியசாலியா நீ? கரப்பான்பூச்சிய அறுக்கச் சொன்னா மயங்கி விழுந்தியே.”

“அது மொத தடவ சார். மறுநாள் நானேதான் அறுத்தேன்.”

“ஆமா. அழுதுகிட்டே அறுத்த.”

கடிதத்தின் அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார். உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்திட்டார்.

“பிரிச்சா செல்லாது, தெரியும்ல?”

மாடிப்படிகளை மூன்று மூன்றாகத் தாவி இறங்கினேன். என்னைப் பற்றி நான் எழுதாத ஒரே வரி. கூரியர் கடை வாசலில் நின்று, உறையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

“தம்பி, தரீங்களா? இல்ல, ஷட்டர இறக்கவா?”