நடுங்கும் கை

கோவாவில் ஆற்றின் நடுவே நின்ற சூதாட்டக் கப்பலில், நரம்பியல் மருத்துவரான ஹேமலதாவுக்கு அவள் கணவன் போக்கர் சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்தான். "உன் சீட்ட விடு, எதிர்ல இருக்கறவங்க கையப் பாரு. நடுங்குச்சுன்னா பெரிய சீட்டு வந்திருக்குன்னு அர்த்தம். பேசாம உன் சீட்டக் கவுத்து வெச்சுட்டு விலகிடு." எதிரே அமர்ந்திருந்த பொள்ளாச்சிக்காரர் குழந்தைவேலுவின் வலது கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்து மற்றவர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் பயந்து விலக, பெரியவர் பந்தயக் காயின்களைத் தன் பக்கம் வாரிக்கொண்டார். வாரும்போது மட்டும் கை நடுங்கவில்லை. மேசைமேல் ஓய்ந்ததும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல மறுபடி ஆடத் தொடங்கின. ஹேமலதா தனக்கு வந்திருந்த நல்ல சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டு, "எத்தன நாளாங்கய்யா இப்படி?" என்று கேட்டாள். "இன்னிக்குத்தானுங்க அம்மணி. சீட்டு அப்படி வருது!" என்று அவர் சிரித்தார். பின்னால் நின்றிருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. "ஊட்ல டிவி பாக்கறப்பவும் ஆடுதுங்க," என்றார். குழந்தைவேலு இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த சீட்டுகள் வந்து விழுந்தன. மற்றவர்கள் தங்களுடையதை எடுத்துப் பார்த்தார்கள். அவர் ஹேமலதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.