லாடச் சத்தம்

சூப்பர்வைசர் நாகேந்திரனின் பூட்ஸ் லாடம் சத்தம் போட்டால், வாலிநோக்கம் உப்பளத்தில் கொக்குகூட குனிந்து வேலை பார்க்கும்.

“வேல்சாமி, சோல் தேஞ்சுபோச்சு. லாடத்தையும் பிடுங்கிட்டு ரப்பர் சோல் வச்சுத் தை. சத்தமில்லாமப் போயி, எவ எவ சும்மா உக்காந்திருக்கான்னு பாக்கணும்.”

செருப்புத் தைக்கும் வேல்சாமிக்கு ஊசி விரலில் ஏறியது. அந்த அளத்தில்தான் அவன் பொண்டாட்டி பூமயில் உப்புச் சுமக்கிறாள். இடுப்பு வலிக்காரி, அடிக்கடி உட்காருவாள். ஆனாலும் தைத்துக் கொடுத்தான்.

மறுநாள் விடிந்ததும் நாகேந்திரன் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. பூமயிலுக்கு வேலை போச்சு என்றே முடிவு கட்டினான் வேல்சாமி.

“லாடத்தைத் திரும்ப அடிச்சிரு.”

“அளத்துல யாரு சார் மாட்டுனா?”

“அளத்துக்கு இன்னும் போகலப்பா. நேத்து இங்கனருந்து நேரா வீட்டுக்குத்தான் போனேன். உள்ள பொண்டாட்டியும் மகளும் விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டிருந்தாக. என் வீட்டுல இப்படிச் சிரிப்பாகன்னே எனக்குத் தெரியாது. நானும் சிரிச்சுக்கிட்டே நுழைஞ்சேன்.”

“நல்லதுதானே சார்?”

“என்னையப் பாத்ததும் மக வாயைப் பொத்துனா பாரு, அத இன்னொரு தடவை பாக்க ஏலாது. நாலு ஆணி கூடவே அடி.”