தழும்பு வேட்பாளர்

பந்தயங்களில் கோப்பை வென்று, போரிலும் காயம்பட்டுத் திரும்பிய குதிரை, காட்டு மன்றத் தேர்தலில் நின்றது. முதுகில் நரியைச் சுமந்தபடி, வற்றிய குளத்தருகே ஓட்டுக் கேட்க வந்தது.

"குளத்துக்குத் தண்ணி எப்பண்ணே வரும்? குட்டிக்கு நாக்கு வறண்டு கிடக்கு" என்றது தாய் ஆடு.

குதிரை முன்னங்காலைத் தூக்கித் தழும்பைக் காட்டியது. கூட்டம் கண்கலங்கியது.

"நாட்டுக்காக ரத்தம் சிந்தினவர்கிட்ட தண்ணி கேக்குறியே, வெக்கமா இல்ல?" என்றது குரங்கு.

"வாயைத் திறந்து சொல்லுங்கண்ணே!" என்றது ஆடு.

குதிரை வாயைத் திறந்தது. உள்ளே கடிவாளம் இருந்தது.

"ஜெயிச்சதும் அண்ணன் சொல்வாரு" என்று நரி வாரை இழுத்தது.

குதிரை அமோகமாக ஜெயித்தது.

ஆடு குட்டியோடு மன்றத்துக்குப் போனது. உள்ளே நரி பேசிக்கொண்டிருந்தது. வாசலில் கட்டியிருந்த குதிரை, ஆட்டைக் கண்டதும் பழக்கத்தில் முன்னங்காலைத் தூக்கியது.