மூன்றாவது வயர்

“ஏன் தம்பி, அந்த மூணாவது வயரை மட்டும் வெளியவே விட்டுட்ட?”

மேஜைக்கு அடியில் படுத்திருந்த ஹிரானுமா சட்டென்று தலையைத் தூக்கி, நங்கென்று இடித்துக்கொண்டான். அவன் நீலச் சட்டையில் ஃபயர்வால் கம்பெனியின் பெயர் தைத்திருந்தது.

“அது வர்ற போற விருந்தாளிங்களோட போனுக்குத்தானே மேடம். அதைப் பெட்டில மாட்டணும்னு அவசியமில்ல.”

“நல்லாருக்கே கதை! ரெண்டு கதவுக்குப் பூட்டைப் போட்டுட்டு கொல்லைக் கதவைத் திறந்து வச்சா, திருடன் முன்பக்கமா வந்து பெல் அடிப்பானா?”

கேட்டவள் நிஷியோ. ஐம்பதைத் தாண்டியவள். கழுத்தில் அட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. ‘பொது நிர்வாகம் நான்தான்’ என்று அவன் உள்ளே வந்ததுமே சொல்லியிருந்தாள்.

ஜப்பானின் ஹிகாஷி ஒசாகா நகரில் நட்டு போல்ட் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில் அன்று வேறு யாருமில்லை. மொத்த ஊழியர்களும் முதலாளியோடு பஸ் ஏறி, வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போயிருந்தார்கள். வாசலில் காவலாளி மட்டும் இருந்தார்.

எந்த ரயில் அதிர்ந்தாலும் கழலாத புது நட்டு ஒன்றை முதலாளி நான்கு வருடம் பாடுபட்டு வடிவமைத்திருந்தார். அதன் வரைபடங்கள் எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்களில்தான். ஒரு இணைப்பு போனாலும் ஆர்டர் நிற்கக் கூடாது என்று மூன்று இன்டர்நெட் இணைப்புகள் வாங்கினார். மூன்று வாசல் வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. வருவதையும் போவதையும் மறித்து விசாரிக்கும் ஃபயர்வால் பெட்டி ஒன்றை வரவழைத்தார். அது முந்தின நாளே வந்து இறங்கிவிட்டது.

ஹிரானுமா பெருமூச்சோடு மூன்றாவது வயரையும் பெட்டியில் செருகினான்.

“ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தானா எடுத்துக்குமா?”

அவன் முதல் வயரைப் பிடுங்கிக் காட்டினான். சிவப்பு விளக்கு ஒரு நொடி முழித்தது. அடுத்ததில் பச்சை எரிந்தது.

“பாத்தீங்களா? எந்த வழியா வந்தாலும் இந்தப் பெட்டியைத் தாண்டித்தான் வரணும்.”

“வெளிய போறது?”

“அதையும் விடாது. வரைபடத்துல ஒரு கோடு வெளிய கசிஞ்சாலும் முதலாளி போனுக்குச் சேதி போயிரும்.”

“ரொம்ப நல்லது” என்றாள் நிஷியோ. குரலில் சுரத்தில்லை.

இவ்வளவு கேள்வி கேட்பவளிடம் தானும் கறாராக இருந்தால்தான் மரியாதை என்று அவனுக்குத் தோன்றியது. “மேடம், உங்க கம்ப்யூட்டர்ல பென் டிரைவ் ஒண்ணு சொருகியிருக்கே. அதெல்லாம் இருக்கக் கூடாது. எடுத்துருங்க.”

“அட, மறந்தே போச்சு!” அவள் அவசரமாகப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கடைசியாக, பெட்டியின் பூட்டைத் திறக்கும் பாஸ்வேர்டு. “நானே போட்டுர்றேன் மேடம்” என்று விரலை நீட்டினான்.

“எங்க ஆபீஸுக்கு நீ பாஸ்வேர்டு போடுவியா? நகரு.”

“ஐயோ, எங்க கம்பெனி விதி ஒத்துக்காது மேடம். என் வேலை போயிரும்.”

“நான் மட்டும் நாளைக்கு முதலாளிக்கு என்ன பதில் சொல்றது?”

கால் மணி நேரம் இருவரும் மாறி மாறிக் குனிந்து, பணிவாகச் சண்டை போட்டார்கள். முடிவில் ஒரு சமரசம். முதல் பாதியை அவன் அடித்தான்; அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறு பாதியை அவள் அடித்தாள்; அவன் கண்ணை மூடிக்கொண்டான். பெட்டி ‘பீப்’ என்றது.

ரயில் நிலையக் கழிப்பறைக்குள் புகுந்ததும் ஹிரானுமா முதல் காரியமாக அந்த நீலச் சட்டையைக் கழற்றினான். தையல் கூலி தண்டம்! ஃபயர்வால் கம்பெனியின் அசல் ஆள் திங்கட்கிழமைதான் வருவான். அதற்குள் காலி ஆபீஸில் நுழைந்து, மூன்றாவது வயரில் ஓட்டை வைத்து, வரைபடத்தை உருவிப் போட்டிக் கம்பெனிக்கு விற்கலாம் என்று ஒரு மாதம் திட்டம் போட்டிருந்தான். பாழாய்ப்போன அந்த அம்மாளுக்குப் பயந்து, ஒரு ஓட்டை விடாமல் தன் கையாலேயே அடைத்துவிட்டு வந்தாயிற்று.

சட்டையைச் சுருட்டிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வந்தவன், குளிர்பானம் விற்கும் எந்திரத்துக்குப் பின்னால் பழகிய குரல் கேட்டு நின்றான்.

“கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல! காவலாளிகிட்ட புது ஆபீஸ்காரின்னு சொல்லி நுழைஞ்சு, அப்பதான் பென் டிரைவைச் சொருகினேன். ஃபயர்வால் கம்பெனிக்காரன் வந்து நின்னுட்டான். பெரிய எமகாதகன்! மூணாவது வயரை வேணும்னே வெளிய விட்டு என்னைச் சோதிக்கிறான். கேக்காம இருந்தா அங்கயே மாட்டியிருப்பேன்...”

நிஷியோ திரும்பினாள். அவனைப் பார்த்தாள். சுருட்டிய சட்டையைப் பார்த்தாள். போனை மெல்ல அணைத்தாள்.

“தம்பி,” என்றாள் குழைந்து, “உன் பாதி என்ன?”

“முதல்ல நீங்க சொல்லுங்க மேடம்” என்றான் ஹிரானுமா.